பழைய பிரியஸ் மிஸ்ஸிங் அடித்தால்: அறிகுறியை வைத்துக் கோளாறைப் பிடிக்கும் வழி

சாதாரண பெட்ரோல் கார் மிஸ்ஸிங் அடித்தால், அதாவது ஒரு சிலிண்டரில் பெட்ரோல் எரியாமல் போனால், ஓட்டுபவருக்கு உடனே தெரிந்துவிடும். ஐடிலில் ஸ்டீயரிங் உதறும், பிக்கப் விழும். ஹைப்ரிட்டில் அப்படியில்லை. டொயோட்டா பிரியஸில் எம்ஜி1 என்ற மோட்டார் பல்சக்கரத் தொகுதி வழியாக இன்ஜினோடு எப்போதும் பிணைந்திருக்கிறது. ஒரு சிலிண்டர் எரியாமல் போனால் குறைகிற இழுவையை, சக்கரங்களை ஓட்டும் எம்ஜி2 மோட்டார் ஈடுகட்டிவிடும். சிக்னலில் நின்றால் இன்ஜினே அணைந்துவிடும். அதனால் உதறல் கையில் தெரிகிற அளவுக்கு வந்துவிட்டால், கோளாறு கொஞ்சம் முற்றிவிட்டது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

இங்கே சொல்வது 2009 முதல் 2015 வரை வந்த மூன்றாம் தலைமுறை பிரியஸ் பற்றி. உள்ளே இருப்பது 1,798 சிசி, 2இசட்ஆர்-எஃப்எக்ஸ்இ இன்ஜின். இலங்கைச் சாலைகளில் ஜப்பானிலிருந்து இறக்குமதியாகி வந்த இந்த வண்டிகள் நிறைய ஓடுகின்றன, தமிழ்நாட்டில் குறைவு. இரண்டாம் தலைமுறை பிரியஸும், டொயோட்டாவின் சிறிய ஹைப்ரிட்டான அக்வாவும் மாறுபடும் இடங்களை ஆங்காங்கே சொல்லியிருக்கிறோம்.

மிஸ்ஸிங் என்றதும் பிளக்கையும், அதற்குப் பொறி வோல்டேஜ் தரும் காயிலையும் மாற்றிவிட்டு வண்டியைக் கொடுத்தனுப்புவது பல இடங்களில் வழக்கம். இந்த வண்டியில் அது ஆபத்தான வழக்கம். காலையில் மட்டும் வரும் உதறலுக்கும், மேடு ஏறும்போது வரும் உதறலுக்கும், சீராக 60 கிலோமீட்டரில் போகும்போது வரும் உதறலுக்கும் காரணங்கள் வேறு வேறு. எப்போது வருகிறது என்பதை முதலில் கேளுங்கள். எந்தக் கோடு (கம்ப்யூட்டர் பதிந்து வைக்கும் கோளாறு எண்) விழுந்திருக்கிறது என்பது அதற்கு அப்புறம்.

ஸ்பேனரை எடுப்பதற்கு முன்

ரெடி விளக்கு எரியும் நிலையில் இந்த இன்ஜின் சொல்லாமல் கொள்ளாமல் தானாகவே ஸ்டார்ட் ஆகும். பவர் பட்டனை அணைத்து, சாவியை வண்டியிலிருந்து 5 மீட்டருக்கு அப்பால் வைத்துவிட்டு, பின்பக்க டிக்கியின் வலது மூலையில் இருக்கும் 12 வோல்ட் பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றுங்கள். பிளக், காயில் வேலைக்கு இது போதும். ஆரஞ்சு நிறக் கேபிள்களைத் தொடும் வேலை வந்தால் கதை வேறு. ஹைப்ரிட் பேட்டரி 201.6 வோல்ட், இன்வெர்ட்டர் அதை 650 வோல்ட் வரை உயர்த்துகிறது. ஹைப்ரிட் பேட்டரியின் மின் இணைப்பைத் துண்டிக்கும் சர்வீஸ் பிளக்கை உருவிப் பத்து நிமிடம் காத்திருக்காமல் அந்தப் பக்கம் கை போகக் கூடாது.

12 வோல்ட் பேட்டரியை அளந்து பாருங்கள். ஓய்வில் 12.4 வோல்ட்டாவது இருக்க வேண்டும், ரெடியில் 14க்கு அருகே வர வேண்டும். பேட்டரி சோர்ந்திருந்தால் சம்பந்தமில்லாத கோடுகள் கூட்டமாக விழும். அவற்றைத் துரத்திக்கொண்டு போனால் நாள் வீண்.

பிறகு ஸ்கேன். மலிவான புளூடூத் ரீடர் பெரும்பாலும் இன்ஜின் கம்ப்யூட்டரை மட்டுமே படிக்கும். ஹைப்ரிட் கம்ப்யூட்டரில் தனியாக விழும் கோடுகள், உதாரணமாக இன்ஜின் ஸ்டார்ட் ஆகவில்லை என்று சொல்லும் பி0ஏ0எஃப், அதில் தெரியாமல் போகலாம். டொயோட்டாவின் சொந்த ஸ்கேன் மென்பொருளான டெக்ஸ்ட்ரீமோ, டொயோட்டாவின் எல்லாக் கம்ப்யூட்டர்களையும் படிக்கும் வேறு கருவியோ வேண்டும். கோடை அழிப்பதற்கு முன்னால் ஃப்ரீஸ் ஃபிரேமை, அதாவது கோடு விழுந்த நொடியில் பதிவான அளவுகளைக் குறித்துக்கொள்ளுங்கள்: கூலன்ட் வெப்பம், ஆர்பிஎம், லோடு, வண்டியின் வேகம், ஃபியூயல் டிரிம் (கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கும் சதவீதம்). அழித்துவிட்டால் இந்தத் தடயம் போய்விடும். கூலன்ட் 30 டிகிரி, வேகம் பூஜ்யம் என்றால் குளிர்ந்த ஸ்டார்ட்டில் விழுந்த கோடு. 90 டிகிரி, லோடு 80 சதவீதம் என்றால் காயில் பக்கம் பார்க்க வேண்டும். 90 டிகிரி, லோடு குறைவு, வேகம் 60 என்றால் ஈஜிஆர் (எரிந்த புகையில் ஒரு பகுதியை மறுபடி இன்ஜினுக்குள் அனுப்பும் அமைப்பு) மீது சந்தேகம்.

பி0301 முதல் பி0304 வரை சிலிண்டர் எண்ணைச் சொல்பவை. பி0300 என்றால் மிஸ்ஸிங் ஒன்றுக்கு மேற்பட்ட சிலிண்டரில், அல்லது மாறி மாறி. முதல் சிலிண்டர் டைமிங் செயின் பக்கம், அதாவது வண்டியின் வலது சக்கரத்தின் பக்கம். நான்காவது கியர்பாக்ஸ் பக்கம். எரியும் வரிசை 1-3-4-2.

செக் இன்ஜின் விளக்கு எரிந்துகொண்டிருப்பதற்கும் விட்டுவிட்டு மின்னுவதற்கும் வித்தியாசம் இருக்கிறது. மின்னினால், எரியாத பெட்ரோல், புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரில் போய் எரிந்து அதை உருக்கும் அளவுக்கு மிஸ்ஸிங் நடக்கிறது என்று பொருள். ஓரங்கட்டி நிறுத்துங்கள். கன்வெர்ட்டரின் விலை நான்கு காயிலின் விலையை விடப் பல மடங்கு.

இன்ஜினை ஓட விட்டுப் பார்க்க: மெயின்டனன்ஸ் மோடு

நின்ற இடத்தில் இன்ஜின் அணையாமல் ஓட வேண்டும் என்றால் இந்த வழிதான். பார்க்கிங் பிரேக்கைப் போடுங்கள். பிரேக்கை மிதிக்காமல் பவர் பட்டனை இரண்டு முறை அழுத்தினால் இக்னிஷன் ஆன் ஆகும். அதன் பிறகு 60 விநாடிக்குள் பி நிலையில் ஆக்சிலரேட்டரை முழுதாக இரண்டு முறை மிதித்து விடுங்கள். பிரேக்கை மிதித்து என் நிலைக்கு மாற்றி மறுபடி இரண்டு முறை. மீண்டும் பி நிலைக்கு வந்து இரண்டு முறை. டிஸ்பிளேயில் மெயின்டனன்ஸ் மோடு என்று வரும். இப்போது பிரேக்கை மிதித்துப் பவர் பட்டனை அழுத்தினால் இன்ஜின் ஸ்டார்ட் ஆகி 1,000 ஆர்பிஎம் அளவில் ஓடிக்கொண்டே இருக்கும். இந்த மோடில் வண்டியை ஓட்டக் கூடாது, டிரான்ஸ்ஆக்சில் (எம்ஜி1, எம்ஜி2 மோட்டார்கள் அடங்கிய கியர்பாக்ஸ்) கெடும். பவரை அணைத்தால் மோடும் போய்விடும்.

அறிகுறி 1: காலையில் முதல் ஸ்டார்ட்டில் உதறல், அரை நிமிடத்தில் சரியாகிவிடும்

அதிகம் வருவதும், அதிகம் தப்பாகக் கணிக்கப்படுவதும் இதுதான். இரவு முழுக்க நின்ற வண்டி. ரெடி போட்டதும் இன்ஜின் எழுகிறது, பத்து விநாடி முதல் ஒரு நிமிடம் வரை வண்டியே ஆடுகிறது, தகரப் பெட்டியைக் குலுக்குவது போல் ஒரு சத்தம். பிறகு ஒன்றும் நடக்காதது போல் ஓடுகிறது. நாள் முழுக்க மறுபடி வராது.

சந்தேகப் பட்டியலில் முதல் இடம் ஹெட் கேஸ்கட்டுக்கு, அதாவது இன்ஜின் ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவே கசிவைத் தடுக்கும் தகட்டுக்கு. வண்டி அணைந்த பிறகும் கூலன்டில் அழுத்தம் கொஞ்ச நேரம் இருக்கும். கேஸ்கட்டில் மயிரிழை அளவு வழி கிடைத்தால் கூலன்ட் அந்த அழுத்தத்தில் கசிந்து சிலிண்டருக்குள் போய்ப் பிஸ்டன் தலையில் தேங்கும். காலையில் அந்தச் சிலிண்டரில் பிளக் நனைந்திருக்கும், எரியாது. கொஞ்ச நேரத்தில் தண்ணீர் ஆவியாகி வெளியேறியதும் சரியாகிவிடும். போதாக்குறைக்கு, குளிர்ந்த ஸ்டார்ட்டில் கன்வெர்ட்டரைச் சூடாக்க ஸ்பார்க் நேரத்தைக் கம்ப்யூட்டர் வேண்டுமென்றே தாமதப்படுத்தி வைத்திருக்கும். இன்ஜின் பலவீனமாக ஓடும் நேரம் என்பதால் சின்னக் குறையும் பெரிய உதறலாகத் தெரியும்.

இந்தக் கட்டத்தில் ஆயில் பால் போலாகவில்லையே, வெள்ளைப் புகை இல்லையே என்று சமாதானம் அடைபவர்கள் அதிகம். இந்த இன்ஜினில் கசிவு பெரும்பாலும் எரியும் அறைக்குள்தான் போகிறது, ஆயிலுக்குள் அல்ல. ஆயில் சுத்தமாக இருப்பதால் கேஸ்கட் நன்றாக இருக்கிறது என்று சொல்ல முடியாது. எரிந்த புகை கூலன்டில் கலந்திருக்கிறதா என்று ரிசர்வ் டாங்க்கில் பார்க்கும் நீலத் திரவச் சோதனையும் ஆரம்பக் கசிவில் நிறம் மாறாமல் ஏமாற்றும்.

சரியான சோதனை இப்படி. இன்ஜின் நன்றாக ஆறிய பிறகு கூலன்ட் ரிசர்வ் டாங்க்கைப் பாருங்கள். கவனம், இந்த வண்டியில் இரண்டு டாங்க்குகள்: ஒன்று இன்ஜினுக்கு, மற்றது இன்வெர்ட்டருக்கு. இன்வெர்ட்டர் டாங்க் நிறைந்திருப்பதைப் பார்த்துவிட்டுக் கூலன்ட் குறையவில்லை என்று சொல்லிவிடுவது அடிக்கடி நடக்கும். இன்ஜின் டாங்க்கில் மட்டத்தை டேப் ஒட்டிக் குறித்து, மூன்று நாள் காலையில் மட்டும் பாருங்கள். வெளியே எங்கும் ஒழுகாமல் மட்டம் இறங்கினால் பாதி விடை கிடைத்த மாதிரி.

மீதிப் பாதிக்கு பிரஷர் டெஸ்டர் வேண்டும். வண்டியை ஓட்டிச் சூடாக்கி அணைத்து, மூடியைப் பாதுகாப்பாகத் திறக்கும் அளவுக்கு ஆறியதும் டெஸ்டரை மாட்டி 15 பிஎஸ்ஐ ஏற்றி இரவு முழுக்க விடுங்கள். காலையில் ஸ்டார்ட் பண்ணாமல், நான்கு பிளக்கையும் கழற்றி 5.5 மில்லிமீட்டர் கேமராவை ஒவ்வொரு துளையிலும் இறக்கிப் பாருங்கள். நல்ல சிலிண்டரில் பிஸ்டன் தலை கறுப்பாக, காய்ந்த கரியோடு இருக்கும். கசியும் சிலிண்டரில் ஓரத்தில் இளஞ்சிவப்புத் துளிகள் தெரியும், அல்லது பிஸ்டன் தலையின் ஒரு பக்கம் மட்டும் ஆவியில் கழுவியது போல் அலுமினியம் பளிச்சென்று தெரியும். அந்தப் பளபளப்பைப் பார்த்துவிட்டால் வேறு சோதனை தேவையில்லை.

உறுதியானதும் வண்டியை ஓட்டாதீர்கள். சிலிண்டரில் தேங்கும் தண்ணீர் கொஞ்சம் அதிகமானால், எம்ஜி1 இன்ஜினைச் சுற்றும்போது பிஸ்டன் தண்ணீரை நசுக்கப் பார்க்கும். தண்ணீர் நசுங்காது, கனெக்டிங் ராடு வளையும். சாதாரண ஸ்டார்ட்டர் மோட்டாராக இருந்தால் திணறி நிற்கும். எம்ஜி1 விசை பெரியது, நிற்காமல் சுற்றிவிடும். வளைந்த ராடோடு ஓடினால் ஒரு நாள் அது பிளாக்கை உடைத்துக்கொண்டு வெளியே வரும். கேஸ்கட் செலவோடு முடிய வேண்டியது இன்ஜின் செலவாகிவிடும்.

கூலன்டில் ஊற்றும் ஓட்டை அடைப்பான்களை இந்த வண்டியில் ஊற்றவே வேண்டாம். அது கேஸ்கட்டை அடைக்கிறதோ இல்லையோ, ஹீட்டர் கோரையும் ஈஜிஆர் கூலரின் தண்ணீர் வழியையும் அடைக்கும்.

ஹெட்டை இறக்கினால் லேத் பட்டறையில் சமதளம் பார்த்தே ஆக வேண்டும். ஹெட்டிலும் பிளாக்கிலும் கோணல் 0.05 மில்லிமீட்டருக்கு மேல் இருக்கக் கூடாது; ஹெட்டில் இருந்தால் ஃபேசிங் போட்டுச் சரி செய்யலாம். பிளாக்கில் ஸ்டிரெயிட் எட்ஜ் வைத்துப் பார்க்காமல் மூடும் மெக்கானிக்குகள் உண்டு, ஆறு மாதத்தில் அதே வேலை திரும்பி வரும். ஹெட் போல்ட்டுகளைப் புதிதாகப் போடுங்கள். நான்கு பிஸ்டன்களையும் மேல்முனைக்குக் கொண்டுவந்து, பிளாக் மேல்தளத்திலிருந்து ஒவ்வொன்றின் உயரத்தையும் அளந்து ஒப்பிடுங்கள். ஒன்று மட்டும் தாழ்ந்திருந்தால் அந்த ராடு வளைந்திருக்கிறது. அதற்குப் பிறகு கேஸ்கட் மாற்றுவதில் அர்த்தமில்லை. கேஸ்கட் ஏன் போனது என்பதையும் தேடுங்கள்: மின்சார வாட்டர் பம்ப் முன்பு பழுதாகி பி261பி அல்லது பி148எஃப் விழுந்து வண்டி சூடேறியதா, அல்லது கீழே சொல்லும் ஈஜிஆர் அடைப்பா?

கேஸ்கட் இல்லையென்று தெளிவானால் அடுத்த சந்தேகம், இன்டேக் மேனிஃபோல்டில் (காற்றைச் சிலிண்டர்களுக்குப் பிரித்துத் தரும் குழாய்த் தொகுதி) தேங்கும் ஈரம். ஈஜிஆர் வழியே வரும் புகையில் நீராவி இருக்கிறது. குளிர்ந்த, ஈரமான இரவில் அது மேனிஃபோல்டுக்குள் தண்ணீராகி, காலையில் ஒரே மூச்சில் சிலிண்டருக்குள் இழுக்கப்படும். இதற்கென்று டொயோட்டா திருத்திய மேனிஃபோல்டும் புதிய இன்ஜின் சாஃப்ட்வேரும் வெளியிட்டது. குளிர்நாடுகளில் இது பெரிய பிரச்சினை. நுவரெலியா, ஊட்டி போன்ற இடங்களை விட்டால் நம் ஊர் வெப்பத்தில் இதை முதல் காரணமாக நினைக்க வேண்டியதில்லை. கூலன்ட் குறைகிறதா இல்லையா என்பதே இரண்டையும் பிரித்துக் காட்டும்.

அறிகுறி 2: ஒரே சிலிண்டர் கோடு, மேடு ஏறும்போதும் ஓவர்டேக் செய்யும்போதும் விளக்கு மின்னும்

இது எளிய கேஸ். லோடு ஏறும்போது சிலிண்டருக்குள் அழுத்தம் கூடும், பொறி தாண்டக் கூடுதல் வோல்டேஜ் வேண்டும். பலவீனமான காயிலும் தேய்ந்த பிளக்கும் அந்த இடத்தில்தான் கைவிடும்.

நான்கு காயில்களும் ஒரே பார்ட் என்பதால் இடம் மாற்றிப் பார்ப்பது நல்ல சோதனை. வைபர் கைகளையும், கண்ணாடிக்குக் கீழே உள்ள கவுல் பிளாஸ்டிக்கையும், அதற்கடியில் உள்ள வைபர் மோட்டாரையும் தகரத் தட்டையும் கழற்றினால் கை தாராளமாகப் போகும். கழற்றாமலே கையை வளைத்து நுழைத்து வேலை செய்பவர்கள் இருக்கிறார்கள். அப்படிச் செய்யும்போதுதான் காயில் கப்ளரின் பூட்டு உடைகிறது. ஒவ்வொரு காயிலும் ஒரே ஒரு 10 மில்லிமீட்டர் போல்ட்டில் நிற்கும். பி0302 என்றால் 2ஆம் காயிலை 3க்கும், 3ஐ 2க்கும் மாற்றி, கோடை அழித்து, பவர் மோடில் ஒரு மேம்பாலமோ மேடோ ஏற்றிப் பாருங்கள். கோடு பி0303 ஆனால் காயில் குற்றவாளி. பி0302ஆகவே நின்றால் பிளக்குகளை மாற்றி மாட்டி மறுபடி. அதற்கும் நகரவில்லையென்றால் இன்ஜெக்டர் அல்லது கம்ப்ரஷன்.

பி0351 முதல் பி0354 வரை விழுந்திருந்தால் அது காயில் சர்க்யூட் கோடு. காயிலை வாங்குமுன் கப்ளரில் நான்கு கம்பிகளையும் பாருங்கள்: 12 வோல்ட், எர்த், கம்ப்யூட்டரிலிருந்து வரும் கட்டளை, காயில் திருப்பி அனுப்பும் பதில். எலி கடித்த வயர் நம் ஊர்களில் சாதாரணம். வண்டி வாரக்கணக்கில் நின்றிருந்தால் முதலில் டார்ச் அடித்து வயரிங்கைத்தான் பார்க்க வேண்டும். மழையிலோ, இன்ஜினைத் தண்ணீர் அடித்துக் கழுவிய பிறகோ மிஸ்ஸிங் ஆரம்பித்திருந்தால் காயிலை உருவிப் பிளக் குழியைப் பாருங்கள். தண்ணீர் தேங்கியிருந்தால் காற்றடித்துக் காய வைத்து, காயிலின் ரப்பரையும் துடைத்து மாட்டினால் பெரும்பாலும் வேலை முடிந்தது.

பிளக் டென்சோ எஸ்சி20எச்ஆர்11. இடைவெளி 1.0 முதல் 1.1 மில்லிமீட்டர். 14 மில்லிமீட்டர் மெல்லிய சுவருள்ள நீள சாக்கெட் வேண்டும். பழக்கத்தில் 16ஐ எடுத்தால் உட்காராது. ஹெட் அலுமினியம், அதனால் இன்ஜின் ஆறிய பிறகு மட்டும் கழற்றுங்கள். கழற்றுமுன் குழியில் காற்றடித்து மண்ணை வெளியேற்றுங்கள். மாட்டும்போது கையால் திருகி உட்கார வைத்து, டார்க் ரெஞ்சில் 18 முதல் 20 நியூட்டன் மீட்டர். மரையில் கிரீஸ் எதுவும் தடவ வேண்டாம். தடவினால் அதே டார்க்கில் மரை அளவுக்கு மீறி இழுபடும். இரிடியம் முனை மெல்லிய கம்பி, இடைவெளியைச் சரி செய்கிறேன் என்று அதை நெம்பாதீர்கள். இந்தப் பிளக்கின் போலிகள் சந்தையில் ஏராளம். நான்கு பிளக்கும் ஒன்றின் விலைக்குக் கிடைத்தால் சந்தேகப்படுங்கள்.

கழற்றிய பிளக்கை வரிசையாக வைத்துப் படிக்க வேண்டும். பீங்கான் வெளிர் பழுப்பு என்றால் ஆரோக்கியம். காய்ந்த கரி என்றால் பொறி பலவீனம் அல்லது பெட்ரோல் அதிகம். பிசுபிசுப்பான கறுப்பு என்றால் ஆயில் மேலே வருகிறது. இந்த இன்ஜினில் ஆயில் ரிங் ஒட்டிக்கொள்வது அறிந்த குறை. ஒரு பிளக் மட்டும் மற்ற மூன்றை விடச் சுத்தமாக, வெளுத்து இருந்தால் அதைப் பாராட்டாதீர்கள். அந்தச் சிலிண்டரில் தண்ணீர் போகிறது, அறிகுறி 1க்குத் திரும்புங்கள். பீங்கானின் வெளிப்பக்கம் மேலிருந்து கீழாகப் பென்சிலில் கோடு கிழித்தது போல் ஒரு கறுப்புக் கீற்று தெரிந்தால் பொறி வெளிவழியே தாவியிருக்கிறது. பிளக்கோடு காயிலையும் மாற்றுங்கள். ஒன்றை மட்டும் மாற்றினால் பழையது புதியதைக் கெடுக்கும்.

இன்ஜெக்டர் இதில் அபூர்வமாகத்தான் போகும். நீண்ட ஸ்குரூ டிரைவரைக் காதில் வைத்து டிக் டிக் கேட்கிறதா பாருங்கள். ஓம் மீட்டரில் நான்கும் ஒரே மாதிரி, 12 ஓமுக்கு அருகில் இருக்க வேண்டும்.

அறிகுறி 3: சூடான பிறகு, 50–80 கிலோமீட்டரில் மெதுவாக மிதித்துப் போகும்போது நடுக்கம்; அழுத்தி மிதித்தால் போய்விடும்

ஈஜிஆர். கூடவே பி0401 (ஈஜிஆர் ஓட்டம் போதவில்லை) விழலாம், விழாமலும் இருக்கலாம். ஈஜிஆர் இன்ஜின் குளிர்ந்திருக்கும்போதும் முழு மிதிப்பிலும் வேலை செய்யாது. லேசான லோடில்தான் திறக்கும். அந்த வேளையில் மட்டும் மிஸ்ஸிங் வருவது அதனால்தான்.

புகை முதலில் ஈஜிஆர் கூலரில் ஆறி, வால்வு வழியே இன்டேக் மேனிஃபோல்டுக்கு வந்து, அங்கே சின்னச் சின்னத் துளைகள் வழியாக நான்கு சிலிண்டருக்கும் பிரிகிறது. கரி அந்தத் துளைகளை ஒரே அளவாக அடைப்பதில்லை. இரண்டு துளை அடைந்தால் மீதி இரண்டு சிலிண்டருக்கு அளவுக்கு மேல் புகை போகும், அங்கே எரிவது குழம்பும். புகை கிடைக்காத சிலிண்டர்களோ சூடேறித் தட்டும். ஹெட் கேஸ்கட் சாவதற்கு இந்த ஏற்றத்தாழ்வும் கூலர் அடைப்பும் முக்கியக் காரணம் என்பது இந்த இன்ஜினைத் தினமும் பிரிப்பவர்களில் பலரின் முடிவு. அது நியாயமான முடிவு.

சோதிக்க மெயின்டனன்ஸ் மோடில் இன்ஜினை ஓட விட்டு, டெக்ஸ்ட்ரீமின் ஆக்டிவ் டெஸ்டில் ஈஜிஆர் ஸ்டெப்பை (வால்வு திறக்கும் அளவு) கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுங்கள். வழி திறந்திருந்தால் இன்ஜின் உதறி அணையப் பார்க்கும். எவ்வளவு ஏற்றினாலும் சலனமே இல்லையென்றால் எங்கோ அடைத்திருக்கிறது. இதற்கு நேர்மாறாக, குளிரிலும் சூட்டிலும் எப்போதும் ஐடில் மோசமாக இருந்தால், வால்வில் கரித்துண்டு சிக்கித் திறந்தே நிற்கிறது.

சுத்தம் செய்வதென்றால் முழுதாகச் செய்ய வேண்டும். வால்வை மட்டும் கழற்றித் துடைப்பது கண்துடைப்பு. அடைப்பின் பெரும்பகுதி கூலரில் இருக்கிறது. கூலர் இன்ஜினுக்குப் பின்னால், ஃபயர்வாலை ஒட்டி இருக்கும். கூலன்டை இறக்கி, ஹோஸ்களை விலக்கி, 12 மில்லிமீட்டர் போல்ட்டு நட்டுகளைக் கழற்றி எடுக்க அரை நாள் ஆகும். உள்ளே பார்த்தால் தேன்கூட்டு வழிகள் கெட்டியான கரியால் மூடியிருக்கும். சுடுதண்ணீரில் சோடியம் பெர்கார்பனேட் வகைச் சலவைத் தூளைக் கரைத்துக் கூலரின் புகை வழியில் ஊற்றி, இரவு முழுக்க ஊற வைத்து, அழுத்தத் தண்ணீரில் அடித்து வெளியேற்றுங்கள். ஒரு முறையில் வராது, இரண்டு மூன்று முறை தேவைப்படும். ஒரு முனையில் தண்ணீரை ஊற்றினால் தடையின்றி மறுமுனையில் கொட்ட வேண்டும். அடுப்புக் கரி நீக்கும் காஸ்டிக் வகைத் திரவங்களை அலுமினியத்தாலான வால்வு உடலில் பட விடாதீர்கள்.

மேனிஃபோல்டு பிளாஸ்டிக். முன்பக்கம் இருப்பதால் எளிதாக வரும். கார்புரேட்டர் கிளீனரும் மெல்லிய பிரஷ்ஷும் கொண்டு ஒவ்வொரு துளையையும் தனித்தனியாகத் திறந்து, வெளிச்சம் தெரிகிறதா பாருங்கள். உள்ளே குளம்போல் ஆயில் நின்றால் இன்ஜின் அடியில் சேரும் ஆவியை இன்டேக்குக்கு அனுப்பும் பிசிவி வால்வையும் மாற்றிவிடுங்கள். கேஸ்கட்டுகள் எல்லாம் புதிதாக. 80,000 முதல் 1,00,000 கிலோமீட்டருக்கு ஒரு முறை இந்த வேலையைச் செய்பவர்களுக்கு அறிகுறி 1 வரும் வாய்ப்பு குறைவு.

அக்வாவின் 1,497 சிசி 1என்இசட்-எஃப்எக்ஸ்இ இன்ஜினிலும் கூலரோடு கூடிய ஈஜிஆர் உண்டு, மேலே சொன்னது அதற்கும் பொருந்தும். இரண்டாம் தலைமுறை பிரியஸில் ஈஜிஆரே கிடையாது. அதில் இந்த அறிகுறி வந்தால் பிளக்கையும் திராட்டில் அழுக்கையும் பாருங்கள். அதன் பிளக் எஸ்கே16ஆர்11, சாக்கெட் 16.

அறிகுறி 4: பி0300 கூடவே பி0171

லாங் டெர்ம் ஃபியூயல் டிரிம் 15 சதவீதத்துக்கு மேல் போய் நிற்கும். காற்று அதிகம் அல்லது பெட்ரோல் குறைவு. ஏர் ஃபில்டர் பெட்டி கிளிப்புகள், இன்டேக் ஹோஸ், மேனிஃபோல்டு கேஸ்கட், பிசிவி ஹோஸ் ஆகியவற்றில் காற்று ஒழுகுகிறதா பாருங்கள். அண்மையில் ஃபில்டர் மாற்றியிருந்தால் பெட்டி சரியாகப் பூட்டியிருக்கிறதா என்பதே முதல் கேள்வி. பிறகு ஏர் ஃப்ளோ சென்சார்: அதற்கென்றே உள்ள ஸ்பிரேயால் மட்டும் கழுவுங்கள், கம்பியில் எதுவும் படக் கூடாது. அப்புறமும் மாறாவிட்டால் பெட்ரோல் அழுத்தம். 304 முதல் 343 கிலோபாஸ்கல், அதாவது 44 முதல் 50 பிஎஸ்ஐ வர வேண்டும்.

அறிகுறி 5: இன்ஜின் சுற்றுகிறது, எரிய மாட்டேன் என்கிறது, டாஷ்போர்டில் சிவப்பு முக்கோண எச்சரிக்கை

பி3190 என்றால் இன்ஜினுக்கு சக்தி போதவில்லை, பி3191 என்றால் ஸ்டார்ட்டே ஆகவில்லை, பி3193 என்றால் பெட்ரோல் தீர்ந்தது. சிரிக்க வேண்டாம், கேஜை நம்பி உண்மையிலேயே டாங்க்கைக் காலியாக்கியவர்கள் பலர். குறைந்தது 5 லிட்டர் ஊற்றிப் பாருங்கள்.

திரும்பத் திரும்ப ரெடி போடுவதுதான் இங்கே செய்யக் கூடாதது. ஒவ்வொரு முயற்சியும் ஹைப்ரிட் பேட்டரியைத் தின்கிறது. அது ஒரு அளவுக்குக் கீழே இறங்கிவிட்டால் இன்ஜினைச் சுற்றவே விடாது. 12 வோல்ட் பேட்டரியை ஜம்ப் பண்ணினாலும் அது ஏறாது, தனிச் சார்ஜர் உள்ள இடத்துக்கு வண்டியை இழுத்துப் போக வேண்டியிருக்கும். இரண்டு முறைக்கு மேல் எரியவில்லையென்றால் நிறுத்திவிட்டு பெட்ரோல் அழுத்தம், காயிலுக்கு வரும் 12 வோல்ட், திராட்டில் ஆகியவற்றைச் சோதியுங்கள்.

எல்லாம் சரியாக இருந்தும் எரியாவிட்டால் கம்ப்ரஷன். இதில் சாவியைத் திருப்பிச் சுற்றும் வழி இல்லாததால் டெக்ஸ்ட்ரீமில் கம்ப்ரஷன் டெஸ்ட் மோடைப் போட்டுத்தான் அளக்க முடியும். இன்டேக் வால்வு தாமதமாக மூடும் அட்கின்சன் முறை என்பதால் அளவு சாதாரண இன்ஜினை விடக் குறைவாக வரும். அதைப் பார்த்து ரிங் போய்விட்டது என்று தீர்ப்புச் சொல்லிவிடாதீர்கள். சிலிண்டர்களுக்கிடையே வித்தியாசம் 14 பிஎஸ்ஐக்குள் இருக்கிறதா என்பதே கேள்வி.

அறிகுறி 6: ஸ்டார்ட்டிலும் ஆஃபிலும் கடகடவென்று சத்தம், ஆனால் மிஸ்ஃபயர் கோடு இல்லை

இன்ஜினுக்கும் டிரான்ஸ்ஆக்சிலுக்கும் நடுவே ஸ்பிரிங் வைத்த டாம்பர் தட்டு இருக்கிறது. ஸ்பிரிங் உடைந்தால் இன்ஜின் எழும்போதும் அணையும்போதும் மட்டும் சத்தம் வரும், நடுவில் ஓட்டம் சுத்தமாக இருக்கும். குளிரிலும் சூட்டிலும் ஒரே மாதிரி வந்தால் டாம்பர். காலையில் மட்டும் வந்தால் மறுபடியும் அறிகுறி 1. நாட்கணக்கில் மிஸ்ஸிங்கோடு ஓட்டிய வண்டிகளில் இரண்டும் சேர்ந்தே இருக்கும், மிஸ்ஸிங்கின் அடிதான் ஸ்பிரிங்கை உடைத்திருக்கும். ஹெட்டைச் சரி செய்த பிறகும் சத்தம் மிஞ்சினால் வேலை தப்பாகிவிட்டது என்று உடனே ஹெட்டை மறுபடி இறக்காதீர்கள். டாம்பரை மாற்ற டிரான்ஸ்ஆக்சிலை இன்ஜினிலிருந்து பிரிக்க வேண்டும். அதற்கு ஹை வோல்டேஜ் கேபிள்களைக் கழற்ற வேண்டும் என்பதால் ஹைப்ரிட் தெரிந்த பட்டறையில் மட்டும் செய்யுங்கள்.

வேலை முடிந்ததா என்று பார்ப்பது

விளக்கு அணைந்தால் போதாது. எம்ஜி1 மறைத்து வைக்கும் சின்ன மிஸ்ஸிங் விளக்கை எரிய வைக்காது. ஸ்கேனரில் மோடு 06 (கம்ப்யூட்டரின் உள்சோதனை முடிவுகளைக் காட்டும் பகுதி) இருந்தால் ஏ2, ஏ3, ஏ4, ஏ5 என்ற வரிசை முறையே 1 முதல் 4 வரையான சிலிண்டர்களின் மிஸ்ஸிங் எண்ணிக்கை. ஒவ்வொன்றிலும் இரண்டு வரி வரும்: 0பி என்பது கடைசிப் பத்து ஓட்டங்களின் சராசரி, 0சி என்பது இப்போதைய ஓட்டம். பழுது பார்த்த மறுநாள் 0பியில் எண் இருப்பது பழைய கணக்கு, பதற வேண்டாம். 0சி காலை ஸ்டார்ட்டிலும் மேட்டிலும் 60 கிலோமீட்டர் ஓட்டத்திலும் நான்கு சிலிண்டருக்கும் பூஜ்யமாக நிற்க வேண்டும். ஒன்றில் மட்டும் தினமும் நாலைந்து எண்ணம் விழுந்துகொண்டிருந்தால், உதறல் இல்லாவிட்டாலும் அந்தச் சிலிண்டரில் மறுபடி கேமராவை இறக்குங்கள்.